ஏட்ரியானோப்பிளுக்கு ஆகஸ்டில் போகாதீர்கள்

ஆகஸ்ட் 5, 2025, செவ்வாய் – வர்னா, பல்கேரியா

"வயக்காட்டைப் பாக்கறதுக்கா பிளேன் ஏறிப் போறீங்க?" என்று கேட்டுவிட்டு, என் மனைவி ஸ்டுட்கார்ட்டில் தன் தம்பி வீட்டிலேயே இருந்துகொண்டாள். கேட்டதில் தப்பில்லை. நான் பார்க்கக் கிளம்பியது வயல்காட்டைத்தான். 378ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் தேதி ரோமப் பேரரசர் வாலென்ஸ், தன் படையில் மூன்றில் இரண்டு பங்கையும் கூடவே தன் உயிரையும் கோத்துகள் என்ற ஜெர்மானிய இனத்தாரிடம் பறிகொடுத்த இடம். அப்போது அந்த ஊருக்கு ஏட்ரியானோப்பிள் என்று பெயர். இப்போது துருக்கியில் எடிர்னே.

வங்கியில் விருப்ப ஓய்வு வாங்கியபிறகு எனக்குப் பிடித்த பைத்தியம் இது. அம்மியானுஸ் என்று ஓர் ஆள். அந்தியோக்கியாவில் பிறந்த கிரேக்கர், ரோமப் படையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், லத்தீனில் வரலாறு எழுதியவர். அந்த வரலாற்றை இந்தத் தோல்வியோடு முடித்துவிடுகிறார். ஓய்வுபெற்ற ஆள் எழுதியது என்பதாலோ என்னவோ எனக்கு அவரைப் பிடிக்கும். டான்யூப் கரையில் ஆரம்பித்து அவர் சொல்லும் வரிசையிலேயே போய், சரியாக 9ஆம் தேதி களத்தில் நிற்க வேண்டும் என்பது என் திட்டம். வண்டி ஓட்ட மச்சினன். சாப்பாடு நன்றாக இருந்தால் எங்கே வேண்டுமானாலும் வருவான்.

வர்னாவில் இறங்கியதும் ஒரு நிம்மதி. பல்கேரியாவில் ஆமாம் என்பதற்குத் தலையை இடம் வலமாக ஆட்டுகிறார்கள். "அத்தான், நம்ம ஊருக்கே வந்துட்டோம்" என்றான்.

ஆகஸ்ட் 6, புதன் – சிலிஸ்திரா

வர்னாவிலிருந்து வடக்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டம். வழி முழுக்கச் சூரியகாந்தி. சிலிஸ்திராதான் ரோமர்களின் துரோஸ்தோரம், டான்யூப் எல்லையில் இருந்த படைவீட்டு ஊர். ஆற்றோரப் பூங்காவில் பழைய சுவர்களின் அடித்தளம் கிடக்கிறது. அதைத் தாண்டினால் ஆறு. அகலமும் அமைதியும் பார்த்தால் தாமிரபரணியில் குளித்து வளர்ந்தவனுக்கு ஆறு என்றே சொல்ல வரவில்லை.

376இல் ஹூணர்கள் துரத்த, கோத்துகள் குடும்பம் குடும்பமாக அக்கரையில் வந்து நின்றார்கள். உள்ளே விடுங்கள், உழுது பிழைத்துக்கொள்கிறோம், படைக்கும் ஆள் தருகிறோம் என்று கேட்டார்கள். வாலென்ஸ் இருந்ததோ எங்கோ தூரத்தில், சிரியா பக்கத்து அந்தியோக்கியாவில். தூதர்கள் அங்கே போய்ச் சம்மதம் வாங்கி வரும்வரை அத்தனை பேரும் கரையிலேயே கிடந்தார்கள். அனுமதி வந்ததும் ஓடம், கட்டுமரம், குடைந்த அடிமரம் என்று கிடைத்ததில் ஏறி இரவு பகலாகக் கடந்தார்கள். மழையில் ஆறு பெருகி இருந்ததால் முங்கிப் போனவர்களும் நிறைய. தலையை எண்ணப் போன அதிகாரிகள் பாதியில் கைவிட்டார்களாம். கடந்த இடம் இந்த ஊர்ப் பக்கம்தான் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கணிப்பு.

மதியம் ஆற்று மீன் சூப், 7 லெவா. நம் பணத்தில் 360 ரூபாய் சொச்சம். கெண்டையும் கெளுத்தியும் போட்டு வினிகர் தெளித்துத் தருகிறார்கள். புளி இல்லாத குறையை வினிகர் பாதி தீர்த்தது. கடைக்கார அம்மா ரொட்டிக் கூடையை இரண்டு முறை நிரப்பினார், அதற்குக் காசு போடவில்லை. சாப்பிட்டுக்கொண்டே மச்சினனுக்கு நாய்க் கதையைச் சொன்னேன். ஆற்றைக் கடந்து வந்தவர்களுக்குத் தானியம் கொடுப்பதாக ஏற்பாடு. பொறுப்பில் இருந்த லூப்பிகினுஸ், மாக்ஸிமுஸ் என்ற இரண்டு அதிகாரிகள் அதைக் கொடுக்கவில்லை. ஊர் ஊராக நாய்களைப் பிடித்து வரச்சொல்லி, பசியில் கிடந்தவர்களுக்கு விற்றார்கள். ஒரு நாய்க்கு ஓர் ஆள் அடிமை. தலைவர்களின் பிள்ளைகள்கூட அப்படிப் போனார்களாம். மச்சினன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். "சாப்பிடும்போது சொல்றீங்க பாருங்க."

மாலையில் இந்த ஊரின் நான்காம் நூற்றாண்டுக் கல்லறை. முன்கூட்டிச் சொல்லி வைத்தால்தான் திறப்பார்கள் என்பதால் ஒரு மாதம் முன்பே எழுதி வைத்திருந்தோம். குனிந்து நுழையும் சின்ன அறை. சுவரெல்லாம் ஓவியம். நடுவில் கணவனும் மனைவியும். இரண்டு பக்கமும் வேலைக்காரர்கள் எஜமானின் உடுப்பை ஆளுக்கொன்றாகக் கொண்டு வருகிறார்கள். மேலாடை, இடைவார், அப்புறம் ஒரு கால்சட்டை. என் கண் அந்தக் கால்சட்டையிலேயே நின்றுவிட்டது. கால்சட்டை ரோமர்களுக்கு அநாகரிகர்களின் உடுப்பு. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ரோம் நகருக்குள் அதைப் போடக்கூடாது என்று சட்டமே வந்தது. இங்கே எல்லையில் ஒரு கனவான் செத்தபிறகும் அதைத்தான் மாட்டிக்கொள்ளத் தயாராக நிற்கிறார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தவனும் இந்தப் பக்கம் இருந்தவனும் பார்க்க அவ்வளவு வேறாக இருந்திருக்க மாட்டார்கள் போலிருக்கிறது.

கிளம்பும்போது பாதாமி ஜாம் ஒரு பாட்டில் 8 லெவா. இந்த ஊர்ப் பாதாமிக்குப் பேர் உண்டு. அந்த ஜாம் பாட்டில் பையிலேயே உடைந்தது தனிக் கதை. அம்மியானுஸ் புத்தகத்தின் கடைசிப் பாகம் இன்னும் ஒட்டுகிறது.

ஆகஸ்ட் 7, வியாழன் – தெவ்னியா

காலையில் பனித்ஸா என்ற பாலாடைக்கட்டிப் பலகாரம், கூடக் குடிக்க போஸா. போஸா என்பது சிறுதானியத்தைப் புளிக்க வைத்துச் சர்க்கரை போட்ட கூழ். நம் கம்மங்கூழுக்குச் சர்க்கரை போட்டது யார் என்று கேட்கத் தோன்றும். நான் இரண்டு கிளாஸ் குடித்தேன். மச்சினன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

தெவ்னியா இப்போது சோடா ஆலையும் சிமெண்ட் ஆலையுமாகப் புகை கக்கும் ஊர். இதுதான் மார்சியானோப்பொலிஸ், கோத்துகளோடு 367 முதல் 369 வரை நடந்த முதல் போரில் வாலென்ஸ் தங்கி ஆண்ட நகரம். ஒரு பழைய மாளிகையின் மேலேயே அருங்காட்சியகம் கட்டி, தரை ஓவியங்களை இருந்த இடத்திலேயே வைத்திருக்கிறார்கள். கிரேக்கக் கதையில் வரும் பாம்புக் கூந்தல்காரி மெடூசாவின் தலை ஓர் அறையின் நடுவில். சின்னச் சின்னக் கல். தேங்காய்ச் சில்லு அளவுகூட இல்லை. பாம்பு முடிக்குப் பச்சை, மஞ்சள் என்று பார்த்துப் பார்த்துப் பதித்திருக்கிறார்கள். நுழைந்ததும் ஜில்லென்று இருந்தது. அதற்காகவே ஒரு மணி நேரம் கூடுதலாக மெடூசாவைப் பார்த்தோம்.

376 முடியும் வேளையிலோ அடுத்த வருடத் தொடக்கத்திலோ இந்த ஊரில்தான் அந்த விருந்து. லூப்பிகினுஸ் கோத்துத் தலைவர்கள் அலவீவுஸையும் ஃபிரிட்டிகெர்னையும் சாப்பிடக் கூப்பிடுகிறார். கூட வந்த சனமெல்லாம் மதிலுக்கு வெளியே. காசு கொடுக்கிறோம், உள்ளே வந்து சாப்பாட்டுச் சாமான் வாங்க விடுங்கள் என்று கெஞ்சுகிறார்கள். சிப்பாய்கள் விடவில்லை. வாய்த்தகராறு கைகலப்பாகிச் சில சிப்பாய்கள் செத்துப்போகிறார்கள். உள்ளே குடித்துவிட்டு ஆட்டம்பாட்டம் பார்த்துத் தூங்கி வழிந்துகொண்டிருந்த லூப்பிகினுஸ் காதில் சேதி விழுகிறது. வாசலில் நின்ற தலைவர்களின் காவலாட்களை வெட்டச் சொல்கிறார். ஃபிரிட்டிகெர்ன் பதறவில்லை. நான் வெளியே போய் முகத்தைக் காட்டினால்தான் சனம் அடங்கும் என்று சொல்லி எழுந்து வெளியே வந்து, குதிரை ஏறிப் போயே போய்விட்டார். அலவீவுஸ் என்ன ஆனார் என்று அப்புறம் பேச்சே இல்லை. துரத்திப் போன லூப்பிகினுஸ் ஊருக்கு ஒன்பது மைல் தள்ளி அடிவாங்கி ஓடிவந்தார். செத்த ரோமர்களின் ஆயுதத்தை எடுத்துக் கோத்துகள் மாட்டிக்கொண்டார்கள். போர் ஆரம்பம்.

ரோட்டோரக் கடையில் தராத்தோர் என்ற குளிர்ந்த தயிர் சூப், 6 லெவா. வெள்ளரிக்காய், பூண்டு, வால்நட், சோயிக்கீரை. மோர்க்குழம்பு அடுப்பில் ஏறாமலேயே கிண்ணத்துக்கு வந்த மாதிரி. இந்த வெயிலுக்கு இதைவிட ஒன்று வேண்டாம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி – பர்காஸ், எல்லை

நாசமாய்ப் போன நாள். வாடகை வண்டியைத் துருக்கிக்குக் கொண்டுபோகலாம் என்று முன்பதிவில் சொன்னவர்கள், பர்காஸில் காப்பீட்டுச் சீட்டு கேட்டபோது அது வேறு வகை வண்டிக்கு என்றார்கள். அரை நாள் பேச்சு. கடைசியில் வண்டியை அங்கேயே விட்டோம். பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் டாக்சி பிடித்துப் பக்கத்தில் தெபெல்த் கிராமத்துக்குப் போய்வந்தது ஒன்றுதான் லாபம். பழைய பெயர் தெயுல்தும். அங்கே முகாம் போட்டிருந்த பார்ஸிமெரெஸ் என்ற ரோமத் தளபதியைக் கோத்துகள் திடீரென்று வந்து சூழ்ந்துகொண்டார்கள். மனிதர் நன்றாகத்தான் சண்டை போட்டார், ஆனால் தப்பவில்லை.

இன்று முதல் பல்கேரியாவில் எல்லா விலையையும் லெவா, யூரோ இரண்டிலும் எழுதியாக வேண்டும். ஜனவரியில் யூரோவுக்கு மாறுகிறார்கள். பஸ் நிலையத்துத் தண்ணீர் பாட்டிலில்கூட இரண்டு விலை. கடைக்காரப் பெண் எங்களிடமே கணக்கு சரியா என்று கேட்டார். 33 வருட வங்கி அனுபவத்தில் சரிபார்த்துக் கொடுத்தேன்.

எல்லையில் இரண்டு மணி நேரம் நின்றோம். பஸ் கிர்க்லாரெலியில் இறக்கிவிட, அங்கிருந்து மினி பஸ். எடிர்னே போய்ச் சேர்ந்தபோது இரவு பதினொன்று. செலிமியே மசூதியின் நான்கு மினாராக்களும் விளக்கு வெளிச்சத்தில் நின்றன. அண்ணாந்து பார்க்கக்கூடத் தெம்பில்லை.

ஆகஸ்ட் 9, சனி – எடிர்னே

வாலென்ஸ் விடிந்ததும் கிளம்பினார், நாமும் அப்படித்தான் என்று மச்சினனை ஐந்தரைக்கு எழுப்பினேன். விடுதியில் காலைச் சாப்பாடு ஏழரைக்குத்தானாம். வெறும் வயிற்றோடு நடந்தோம். களம் இன்ன இடம் என்று அடையாளம் கிடையாது. நகருக்கு வடக்கே பன்னிரண்டு பதினைந்து கிலோமீட்டரில், முராட்சாலி கிராமத்துப் பக்கம் என்று ஒரு கணிப்பு. அந்தத் திசையில் ஒரு மண்ரோடு பிடித்தோம். கையில் ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர்.

வாலென்ஸுக்கு என்ன அவசரம்? மேற்கிலிருந்து அண்ணன் மகன் கிராத்தியன் படையோடு வந்துகொண்டிருந்தார். பொறுத்திருந்து சேர்ந்தே அடிக்கலாம் என்று விக்டர் என்ற தளபதி சொன்னார். ஆனால் அந்தப் பையன் அப்போதுதான் அலமான்னியர் என்ற இன்னொரு ஜெர்மானியக் கூட்டத்தை வென்றிருந்தான். புகழைப் பங்கு போட மனசில்லை. எதிரிகள் பத்தாயிரம் பேர்தான் என்று ஒற்றர்கள் வேறு தப்புக் கணக்குக் கொடுத்தார்கள். நான் பார்த்த கிளை மேலாளர்களில் நான்கைந்து வாலென்ஸ் தேறுவார்கள். வட்டார அலுவலகத்திலிருந்து ஆள் வருவதற்குள் வசூலை முடித்துக் காட்டிவிட வேண்டும் அவர்களுக்கு.

எட்டு மணிக்கே வெயில் முதுகில் ஏறிவிட்டது. ஒரு பக்கம் அறுத்த கோதுமைத் தாள், மறுபக்கம் தலை கவிழ்ந்த சூரியகாந்தி. நிழல் என்று ஒரு மரம் இல்லை. தூரத்தில் எங்கோ தாளை எரிக்கும் புகை. கோத்துகளும் அன்றைக்கு வயல்களுக்குத் தீ வைத்தார்கள். மூட்டைமுடிச்சுகளை நகர மதிலடியில் விட்டுவிட்டு, கவசத்தோடு கரடுமுரடான வழியில் நடந்து, ரோமக் கணக்கில் எட்டாம் மணிக்கு, அதாவது மதியம் இரண்டு மணி வாக்கில், கோத்துகள் தங்கள் வண்டிகளை வட்டமாக நிறுத்திக் கட்டிய வண்டிக்கோட்டை கண்ணுக்குத் தெரிந்தபோது படையே பசியிலும் தாகத்திலும் துவண்டிருந்தது. ஒன்பதரைக்கு எங்கள் தண்ணீர் தீர்ந்தது. நாங்கள் அரைக்கை சட்டைதான் போட்டிருந்தோம்.

ஒரு பட்டியிலிருந்து பெரிய நாய் ஒன்று குரைத்துக்கொண்டே பாய்ந்து வந்தது. கழுத்தில் முள் பட்டை. மச்சினன் ஓடாமல் என் பின்னால் ஒளிந்துகொண்டான். டிராக்டர் ஓட்டிவந்த ஒரு தாத்தா ஒரே அதட்டலில் அதைத் திருப்பி அனுப்பினார். எங்கள் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. டிரெய்லரிலிருந்து ஒரு தர்பூசணியை எடுத்து, சக்கரத்து மூடியில் வைத்து இரண்டாகப் பிளந்து ஆளுக்குப் பாதி கொடுத்தார். கையால் தோண்டித் தின்றோம். சாறு முழங்கை வழியாக ஒழுகியது. வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. அதைவிட ருசியான ஒன்றை நான் அண்மையில் சாப்பிடவில்லை.

இங்கே என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார். செல்போன் மொழிபெயர்ப்பில் "போர் நடந்த இடம்" என்று காட்டினேன். உடனே முகம் மலர்ந்து, ஷுக்ரூ பாஷா என்று ஊர்ப் பக்கம் கை காட்டினார். 1912இலும் 1913இலும் பல்கேரியர்கள் முற்றுகையிட்டபோது எடிர்னேயைக் காத்து நின்ற தளபதி. இல்லை, அதற்கும் முன்னால், ரோமர்கள் என்றேன். எவ்வளவு முன்னால் என்று விரலால் கேட்டார். 1,647 வருடம் என்று காட்டினேன். சிரித்து டிரெய்லரைத் தட்டி, ஏறு என்றார்.

கிராமத்து டீக்கடையில் வேப்ப மரம் மாதிரி ஏதோ ஒரு மரத்தடியில் உட்கார வைத்தார்கள். ஆளுக்கு மூன்று கிளாஸ் டீ, ரொட்டி, ஆலிவ், தக்காளி. காசை எடுத்தால் நாலு கை சேர்ந்து தடுத்தது. அங்கே உட்கார்ந்துதான் மீதிப் போரை மச்சினனுக்குச் சொல்லி முடித்தேன். ஃபிரிட்டிகெர்ன் தூது மேல் தூது அனுப்பி நேரத்தை இழுத்தார், அவருடைய குதிரைப்படை தீவனம் தேடிப் போயிருந்தது. ரிக்கோமெரெஸ் என்ற ரோமத் தளபதி, நானே பிணையாகப் போகிறேன் என்று கிளம்பியும்விட்டார். அதற்குள் பொறுமை கெட்ட ரோம முன்படை ஒன்று தானாகவே பாய்ந்து அடித்து, அடிவாங்கித் திரும்பியது. அந்த நேரம் பார்த்து, தீவனம் தேடிப் போயிருந்த குதிரைப்படை அலத்தேயுஸ், சஃப்ராக்ஸ் என்ற இரண்டு தலைவர்களோடு வந்து இறங்கியது. ரோமக் காலாட்கள் வாளை உருவக் கையைப் பின்னால் இழுக்க முடியாதபடி நெருக்கியடித்து நின்றார்கள் என்கிறார் அம்மியானுஸ். திருச்செந்தூர் சூரசம்ஹாரக் கூட்டத்தில் ஒருமுறை கையைத் தூக்க முடியாமல் நின்றிருக்கிறேன். வாளோடு அப்படி நிற்பதை நினைத்துப் பார்க்க முடியவில்லை. 35 படைத்தலைவர்கள் செத்தார்கள். வாலென்ஸின் உடல் கிடைக்கவே இல்லை. காயம்பட்டு ஒரு பண்ணை வீட்டில் படுத்திருந்தார், உள்ளே இருப்பது யாரென்று தெரியாமலே கோத்துகள் வீட்டோடு கொளுத்திவிட்டார்கள், ஜன்னல் வழியாகக் குதித்துத் தப்பிய ஒரு காவலன் சொன்னான் என்று ஒரு கதை.

அன்றிரவு நிலா இல்லை, அதனால்தான் சண்டை நின்றது என்று அம்மியானுஸ் எழுதியிருக்கிறார். இன்று பௌர்ணமி. விடுதி ஜன்னலிலிருந்து பார்த்தால் மெரிச் ஆற்றுப் பக்கம் பகல் மாதிரி இருந்தது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு – எடிர்னே

உடம்பெல்லாம் வலி. மச்சினன் படுத்துக்கொண்டே போனை நோண்டியவன் திடீரென்று சிரிக்க ஆரம்பித்தான். "அத்தான், அது ஜூலியன் காலண்டர். இப்போதைய கணக்குல ஆகஸ்ட் 10. இன்னிக்குத்தான் அந்த நாள். திரும்ப நடக்கலாமா?" நான் பதில் சொல்லவில்லை. அவன் சொன்னது சரி.

சாயங்காலம் மக்கெடோன் கோபுரம் வரை மட்டும் போனோம். பழைய நகர மதிலில் மிஞ்சியது. களத்தில் வென்ற கோத்துகள் மறுநாளே வந்து இந்த மதிலை முட்டினார்கள். அரசுக் கருவூலம் உள்ளே இருந்தது தெரியும். கோட்டையைப் பிடிக்கும் வித்தை தெரியாது. மேலிருந்து எய்த அம்புகளைப் பொறுக்கி அவர்கள் திருப்பி எய்கிறார்கள் என்று கண்ட ரோமர்கள், அம்பு முனையைக் கட்டும் நரம்பைப் பாதி அறுத்து வைத்தார்களாம். உடம்பில் பட்டால் வேலை செய்யும். மண்ணில் விழுந்தால் முனை கழன்றுவிடும், பொறுக்கினாலும் வெறும் குச்சி. முந்தின நாள் அத்தனை பேரைப் பலிகொடுத்த படைக்கு இந்த யோசனை ஒரு நாள் தாமதமாக வந்தது.

இரவு எடிர்னேயின் பேர்போன ஈரல் வறுவல். காகிதம் போல் சீவி, மாவில் புரட்டி, சூரியகாந்தி எண்ணெயில் பொரித்து, வறுத்த வற்றல் மிளகாயோடு தருகிறார்கள். தட்டு 400 லிரா, 850 ரூபாய்க்கு மேல். நல்லதுதான், ஆனால் மிளகுத்தூள் ஒரு சிட்டிகை இருந்திருந்தால் எங்கேயோ போயிருக்கும். இதே கோத்துகளின் அடுத்த தலைமுறையோடு அவர்கள் தலைவன் அலாரிக் 408இல் ரோமையே முற்றுகையிட்டபோது, விலகிப் போகக் கேட்ட பட்டியலில் 5,000 ராத்தல் தங்கத்தோடு 3,000 ராத்தல் மிளகும் இருந்தது. கிட்டத்தட்ட ஒரு டன். நம் சேர நாட்டுப் பக்கத்துச் சரக்கு.

ஆகஸ்ட் 11, திங்கள் – இஸ்தான்புல்

காலையில் பஸ்ஸில் தூங்கி இஸ்தான்புல்லில் விழித்தேன். முதலில் வாலென்ஸின் கால்வாய்ப் பாலம். இரண்டு அடுக்கு வளைவுகளுக்கு நடுவே ஆறு வழிச் சாலை போகிறது, டாக்சிகள் ஹாரன் அடித்துக்கொண்டே ரோமப் பேரரசுக்குள் நுழைந்து வெளியேறுகின்றன. தலைநகருக்குத் தண்ணீர் கொண்டுவந்தவர் தன் படையைத் தாகத்தில் நிறுத்தியிருக்கிறார். அவர் கடைசியாக இந்த ஊரில் இருந்தபோது குதிரைப் பந்தயத் திடலில் கூட்டம் அவரைப் பார்த்துக் கத்தியதாம், ஆயுதத்தைக் கொடு, நாங்களே போய்ச் சண்டை போடுகிறோம் என்று. எரிச்சலோடுதான் கிளம்பியிருக்கிறார்.

மாலை குல்ஹானே பூங்கா. மரமெல்லாம் பச்சைக்கிளிகள், சத்தம் நெல்லையப்பர் கோயில் கோபுரத்தையே ஞாபகப்படுத்தியது. மேட்டின் மேல் ஓரமாக நிற்கிறது கோத்துகள் தூண். பதினெட்டு மீட்டருக்கு மேல் உயரம். 'கோத்துகளை வென்றதற்காக, வெற்றியோடு திரும்பி வரச்செய்யும் அதிர்ஷ்ட தேவதைக்கு' என்று லத்தீனில் கல்வெட்டு, எழுத்து பாதி தேய்ந்துவிட்டது. வாலென்ஸுக்கு ரொம்ப முந்தைய வெற்றி ஒன்றுக்கு வைத்தது என்பார்கள். இரண்டாம் கிளாடியுஸ் என்று ஒரு கட்சி, கான்ஸ்டன்டைன் என்று ஒரு கட்சி. "அப்ப கிளம்பும்போது வாலென்ஸ் இதைத் தாண்டித்தான போயிருப்பார்?" என்று கேட்டான் மச்சினன். இருக்கலாம் என்றேன்.

இருபது லிராவுக்கு ஒரு சிமித் வாங்கியிருந்தோம், எள் தூவிய வளைய ரொட்டி. காதில் நகராட்சி வில்லை குத்திய ஒரு நாய் தூணுக்கு எதிரே நிழலில் படுத்திருந்தது. மச்சினன் பாதியைப் பிய்த்து அதன் முன்னால் வைத்தான். மோந்து பார்த்தது. வேண்டாம் என்று திரும்பிப் படுத்துக்கொண்டது.